இரண்டு கதவும் மேல்வீட்டுக்கே

இசக்கிமுத்து அண்ணாச்சி கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லி முடித்ததும் ஆளாளுக்கு ஒரு தீர்ப்போடு எழுந்துவிடுவீர்கள். தீர்ப்புச் சொல்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் ஒரு தப்புப் பண்ணினார். நானும் பண்ணினேன். நாங்கள் தப்புப் பண்ணிய நேரத்தில் மூன்றாவது மாடியில் ஒரு கிலோ நூறு கிராம் எடையில் ஒரு பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தான்.

செம்பூரில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். பச்சிளங்குழந்தைகள் வார்டு மூன்றாவது மாடி, எங்கள் சர்வர் அறை தரைக்குக் கீழே. அண்ணாச்சி அங்கே ஸ்டோரேஜ் அட்மின். நான் ஜெபசெல்வி, அவருக்கு அடுத்தது. இரண்டு பேரும் தாராவிக்காரர்கள். வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். என் அப்பா இறந்த வருடம் வீட்டு வாசலில் வந்து நின்று, "பிள்ள, கம்ப்யூட்டர் படிச்சிருக்கன்னு சொன்னாக. நாளைக்கு சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கிட்டு வா" என்று சொன்னவர். அந்த நன்றி எனக்கு உண்டு. கடைசியில் அதுவும் ஒரு பாரமாகத்தான் வந்து முடிந்தது.

அண்ணாச்சியின் அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். அண்ணாச்சி கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பத்தொன்பது வயதில் தாராவிக் கூரைகள் மேல் ஏறி கேபிள் டிவிக்கு வயர் இழுத்தார். இருபத்தைந்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் வயர்மேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதற்கும் வயர் இழுக்க ஆள் வேண்டுமே, இழுத்தார். இன்ஜினியர்கள் வந்தார்கள், வெளிநாடு போனார்கள், மறுபடி வந்தார்கள், மறுபடி போனார்கள். இவர் மட்டும் போகவில்லை. அவர்கள் விட்டுப்போன தடித்தடி மேனுவல்களை பஸ்ஸில் வைத்துப் படித்தார். சும்மா சொல்லக்கூடாது, சர்வரும் ஸ்டோரேஜும் பேசிக்கொள்கிற ஐ-ஸ்கஸி முறை என்றால் என்ன என்று எனக்குக் கல்லூரியில் விளங்காததை அவர் ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கிவிட்டார்.

அவருக்கு எல்லாமே இரண்டு வேண்டும். மழைக்காலத்தில் பையில் இரண்டு குடை. இரண்டு போன், இரண்டு கம்பெனி சிம். வேலைக்கு வர பஸ் ஒரு வழி, சயானில் ரயில் ஏறி குர்லாவில் மாறி வருவது இன்னொரு வழி. திங்கள் பஸ், செவ்வாய் ரயில் என்று மாற்றி மாற்றி வருவார். "ஒரே வழிய நம்புனவன் உருப்பட மாட்டான் பிள்ள" என்பார். அவர் மனைவி பிச்சம்மாள் மதினி என்னிடம் சொன்னது: "இந்த மனுசன் பொண்டாட்டியிலயும் ரெண்டு வச்சுக்காம இருந்தாரே, அதுவே என் அதிர்ஷ்டம்."

இப்போது எங்கள் ஸ்டோரேஜ் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், சுலபம்தான்.

நோயாளிகளைப் பற்றிய எழுத்து, படம், மருந்துக் கணக்கு எதுவும் சர்வர்களுக்குள் இருக்காது. எல்லாம் ஸ்டோரேஜ் என்ற ஒரே இரும்புப் பெட்டியில் இருக்கும். சர்வர் கேட்கும், பெட்டி கொடுக்கும். சர்வர் எழுதச் சொல்லும், பெட்டி எழுதிக்கொள்ளும். பெட்டிக்குள் போக நாலு கதவு. டார்கெட் போர்ட் என்று பெயர். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு முகவரி. சர்வர் அந்த முகவரிக்குப் போய்த் தட்டி, தன் பெயரைச் சொல்லி, பேச்சைத் தொடங்கினால் அது ஒரு செஷன். இரண்டு கதவில் இரண்டு செஷன் போட்டு வைத்தால் ஒரு கதவு அடைத்துக்கொண்டாலும் மற்றதில் பேச்சு நடக்கும். இரண்டு வழியிலும் தெரிவது ஒரே வட்டுதான் என்று சீரியல் நம்பரை வைத்துக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ள மல்டிபாத் என்று ஒரு மென்பொருள் சர்வரில் இருக்கிறது.

அந்தப் பெட்டிக்கு மூளையும் இரண்டு. மேலே ஒரு கன்ட்ரோலர், கீழே ஒரு கன்ட்ரோலர். ஆளுக்கு இரண்டு கதவு. சர்வர் கேபிள்கள் வந்து சேர ஆளுக்கு ஒரு ஸ்விட்ச். அண்ணாச்சி அவற்றுக்கு மேல்வீடு, கீழ்வீடு என்று பெயர் வைத்திருந்தார். மேல்வீட்டில் தீப்பிடித்தால் கீழ்வீட்டுக்காரன் சோறு பொங்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்பார். ஆகவே ஒவ்வொரு சர்வருக்கும் மேல்வீட்டுக் கதவு ஒன்றிலும் கீழ்வீட்டுக் கதவு ஒன்றிலும் செஷன் இருக்க வேண்டும். மல்டிபாத் வழிகளை எண்ணிச் சொல்லும். இரண்டு என்றால் பச்சை விளக்கு. அந்த இரண்டும் எந்த வீட்டுக்குப் போய்ச் சேருகின்றன என்று எங்கள் திரை கவலைப்படாது. அது எண்ணிக்கை காட்டுகிற திரை. கவலைப்பட வேண்டியவர்கள் நாங்கள்.

தாராவியில் எந்தப் பட்டறையாக இருந்தாலும் ஆயுத பூஜை அன்று மெஷினைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. ஆஸ்பத்திரி ஸ்டோரேஜை அப்படி நிறுத்த முடியுமா? அண்ணாச்சி அதற்கும் வழி கண்டுபிடித்தார். இரண்டு வீடு இருக்கிறதே! ஒரு வீட்டுக்கு ஓய்வு கொடுக்கலாம், மற்றது வேலை பார்க்கும். வருடா வருடம் அன்று சாயங்காலம் கீழ்வீட்டை நிறுத்துவார். துடைப்பார், பொட்டு வைப்பார், பூச் சுற்றுவார். மறுநாள் காலையில் கும்பிட்டுவிட்டு எழுப்புவார். நான் கிறிஸ்தவள், பொட்டுக்கு நெற்றியைக் காட்ட மாட்டேன், பொரிக்கும் சுண்டலுக்கும் முதல் ஆளாகக் கையை நீட்டுவேன். மேனேஜர் அனந்தநாராயணன் சாரும் மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு கை சுண்டல் வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் 'பராமரிப்புச் சோதனை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். உண்மையில் அது சோதனையும்தான். ஒரு வீடு நின்றால் இன்னொரு வீடு தாங்குகிறதா என்று வருடத்துக்கு ஒரு முறை பார்த்துவிடுகிறோமே.

எப்போதும் கீழ்வீடுதான். மேல்வீட்டை அவர் ஒருநாளும் நிறுத்தியதில்லை. பெட்டிகளை அடுக்கிய ரேக்கின் உச்சியில், மேல்வீட்டுக்கு நேர் மேலே, அவர் ஒட்டிவைத்த இசக்கியம்மன் படம். "சாமி இருக்குற பக்கம் இருட்டடிக்கப்படாது பிள்ள." நானும் சரி என்று சுண்டலைத் தின்றேன்.

போன வருடம் ஜூலையில் ரஷீதா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அண்ணாச்சியின் சந்தில்தான் அவள் வீடு. அவள் புருஷன் ஹமீதுக்குத் தோல் பைகளுக்குக் கைப்பிடி தைக்கிற சின்னப் பட்டறை. இரண்டு பிள்ளை வயிற்றிலேயே கலைந்து, மூன்றாவது இது. ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்று ஹமீது சொல்லியும், அண்ணாச்சி டாக்ஸியைக் கூட்டி வந்து நிறுத்திவிட்டார். ரஷீதா அழுதுகொண்டே ஏறினாளாம். "அழாத தாயி. எங்க ஆஸ்பத்திரில எல்லாமே ரெண்டு ரெண்டு இருக்கு. ஒண்ணு நின்னா ஒண்ணு ஓடும். பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டாராம். இதை ரஷீதாதான் பிறகு என்னிடம் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல்.

ஆண் குழந்தை. ஜீஷான் என்று பெயர் வைத்தார்கள். அண்ணாச்சி தினமும் காலையில் மூன்றாவது மாடிக்குப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். "அம்பது கிராம் ஏறிருக்கான்" என்பார், தன் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமான மாதிரி. பிள்ளைக்கு ரத்தத்தில் கிருமி. அதற்கு ஒரு மருந்து போய்க்கொண்டிருந்தது. அளவோடு போனால் காப்பாற்றும், அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கும் மருந்து. எத்தனை மணிக்கு எத்தனை சொட்டு என்பதெல்லாம் வார்டு திரையில். காகிதச் சீட்டை ஒழித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பது நாங்கள் மருந்துச் சர்வர் என்று சொல்கிற சர்வர்.

அதே வாரம் மேல்வீட்டில் பேட்டரி எச்சரிக்கை வந்தது. கம்பெனிக்காரர்கள் சனிக்கிழமை வந்து மேல்வீட்டு மூளையைக் கழற்றிப் புதியது மாட்டுவதாக ஏற்பாடு. அதற்குமுன் எல்லாச் சர்வரும் கீழ்வீட்டில் ஒழுங்காகக் கால் ஊன்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதாமாதம் நான் நிரப்புகிற தாளில் ஒரே கேள்விதான்: வழிகள் எத்தனை? இரண்டு. டிக். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒவ்வொரு செஷனையும் விரித்துப் பார்த்தேன். கதவு முகவரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி எண் இருக்கும், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கதவு என்று சொல்ல. மேல்வீட்டுக் கதவுகளுக்கு ஒன்று, கீழ்வீட்டுக் கதவுகளுக்கு இரண்டு. ஒவ்வொரு சர்வராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. மருந்துச் சர்வரில் ஒன்று, ஒன்று.

மறுபடி பார்த்தேன். ஒன்று, ஒன்று.

"அண்ணாச்சி, இங்கன வாங்க."

வந்தார். பார்த்தார். சிரித்தார். "திரை தப்பாக் காட்டுது பிள்ள. ஆறு வருசமா பூசைக்கு நிப்பாட்டுதேன். ஒரு தடவையாவது இது அசைஞ்சிருக்கா? இதுதான் இருக்குறதுலயே கெட்டியான சர்வர்."

"நீங்க நிப்பாட்டுனது கீழ்வீட்ட. இதுக்குக் கீழ்வீட்டுல காலே இல்ல. பிறகு எப்படி அசையும்?"

அவர் ரேக்குக்குப் பின்னால் போய் டார்ச் அடித்துப் பார்த்தார். கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனார். இரண்டு கேபிளும் மேல்வீட்டு ஸ்விட்சில் போய் முடிந்தன. அழகாக, ஒரு ஜாண் மிச்சமில்லாமல் அளந்து வெட்டி, அவரே கட்டின கட்டு.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஷகீல் கொண்டாந்த சர்வர்" என்றார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஆயுத பூஜை அன்று சாயங்காலம் அந்தச் சர்வர் வந்து இறங்கியது. கம்பெனி ஆள் ஷகீல். "ஜல்தி பாய், இன்னைக்கு ஸ்டார்ட் பண்ணலைன்னா அடுத்த வாரம்தான் வருவேன்" என்று நின்ற கால் மாறாமல் நின்றான். கீழ்வீடு அப்போதுதான் பொட்டும் பூவுமாக ஓய்வில் இருந்தது. பூஜை போட்டதைக் காலைக்கு முன்னால் எழுப்பக்கூடாது. சர்வர் கதவுகளைத் தேடியபோது திறந்திருந்த இரண்டும் மேல்வீட்டுக் கதவுகள். ஒரு வழியோடு விட அண்ணாச்சிக்கு மனசு வருமா? இரண்டு கேபிளையும் மேல்வீட்டிலேயே செருகி, இரண்டு செஷன் போட்டு, "நாளைக்குக் காலைல ஒண்ணைக் கீழ மாத்திக்கிடுவோம்" என்று அனுப்பிவிட்டார். காலையில் திரையில் இரண்டு வழி, பச்சை விளக்கு. மறந்துபோனார். அதற்குப் பிறகு வருடா வருடம் கீழ்வீட்டை நிறுத்தி, அது அசையாததைப் பார்த்துப் பார்த்து நம்பிக்கை கூடிக்கொண்டே போனது.

"இப்பவே மாத்துவோம்" என்றேன். "கேபிள் ஒண்ணு வெட்டுங்க. பத்து நிமிசம்."

"மருந்துச் சர்வரத் தொடணும்னா அனுமதிச் சீட்டு எழுதணும்."

"எழுதுங்க."

"காரணம் எழுதணும்லா."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வயது மனிதர். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "ஜெபா, இன்ஜினியருக மத்தியில வயர்மேன் ஒருத்தன் நிக்கான்னா இந்த ஒரு விஷயத்துலதான் நிக்கான். பூசை வச்சதால ஆச்சுன்னு தெரிஞ்சா சிரிப்பாச் சிரிச்சிருவாக. நாளைக்குக் காலைல ரவுண்ட்ஸ் முடிஞ்சதும், ஒம்பது மணிக்கு, ரெண்டு பேருமாச் சேர்ந்து சத்தமில்லாம மாத்திருவோம். சனிக்கிழமைக்குத்தான இன்னும் நாள் கெடக்கு. ஒரு நாள் குடு பிள்ள."

ஆறு வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே 'நாளைக்குக் காலைல'. அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைக்கவில்லை என்பதுகூடப் பொய்யோ என்னவோ. நான் என் தாள்களை நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு வருடம், மாதம் ஒன்று, நாற்பத்தெட்டுத் தாள். எல்லாவற்றிலும் 'இரண்டு வழி, சரி' என்று என் கையெழுத்து. அவர் சீட்டு எழுதினால் அந்தத் தாள்களையும் எடுப்பார்கள். அவருக்காக விட்டுக்கொடுத்தேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி எனக்காகவும்தான்.

"சரி" என்றேன்.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது மேல்வீட்டு எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக எரிகிற விளக்குதான். ஆனாலும் அறைக் கதவைப் பூட்டிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். பஸ்ஸில் சீட் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை காலை ஏழேகாலுக்கு போன். நான் அப்போதுதான் பஸ் ஏறியிருந்தேன்.

"மேல்வீடு போச்சு பிள்ள."

அவர் ஆறு மணிக்கே வந்திருக்கிறார். புதுக் கேபிளை வெட்டி, இரண்டு முனையும் மாட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்காகக் காத்திருந்திருக்கிறார். ஏழு மணிக்கு அவர் கண்ணெதிரே மேல்வீட்டு விளக்குகள் எல்லாம் ஒரு தரம் சிவந்து, அணைந்துவிட்டன. ரேடியாலஜி, லேப், பில்லிங் எல்லாம் ஒரு நொடி திணறிவிட்டுக் கீழ்வீட்டில் ஓட ஆரம்பித்தன. ரசீது போடுகிற சர்வருக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. மருந்துச் சர்வர் மட்டும் இரண்டு கதவையும் மாறி மாறித் தட்டிக்கொண்டே நின்றது.

அவர் கேபிளைச் செருகினார். கீழ்வீட்டுக் கதவில் செஷன் போட்டார். சர்வரை நிறுத்தி எழுப்பினார்; எழுத்து பாதியில் நின்றுபோனதால் அது எழும்ப ஒரு மணி நேரம் பிடித்தது. நான் போய்ச் சேரும்போது மணி எட்டேகால். வார்டில் திரை திரும்ப வந்துவிட்டது என்று தகவல் வந்தது. அண்ணாச்சி சட்டை முழுக்க வியர்வையோடு, "வந்துருச்சு, எல்லாம் வந்துருச்சு" என்றார். நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன்.

எல்லாம் வரவில்லை. கடைசியில் எழுதியது வரவில்லை.

மேலே நடந்தது இது. ஏழு மணிக்குச் சற்று முன்னால் பேகம் என்ற நர்ஸ் ஜீஷானுக்கு மருந்து கொடுத்து, கொடுத்தாயிற்று என்று திரையில் குறித்தாள். திரை சரி என்றது. அந்தச் 'சரி' ஸ்டோரேஜ் பெட்டிக்குப் போய்ச் சேருவதற்குள் வழி அடைத்துவிட்டது. பக்கத்துப் பெட்டியில் ஒரு குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வந்ததால் எல்லாரும் அங்கே நின்றார்கள். அந்தக் களேபரத்தில் ஷிப்ட் மாறியது. பேகம் கல்யாண் போகிற ரயிலில் ஏறிவிட்டாள். எட்டேகாலுக்குத் திரை வந்ததும் அடுத்த நர்ஸ் சாதனா பார்த்தாள்: ஏழு மணி மருந்து, கொடுக்கப்படவில்லை. பேகத்துக்கு இரண்டு தடவை போன் அடித்தாள், கிடைக்கவில்லை. டாக்டரைக் கேட்டாள். சார்ட்டில் இல்லையென்றால் கொடுத்துவிடு என்றார். கொடுத்தாள்.

ஒன்பதரைக்கு பேகம் திரும்ப அழைத்தாள்.

அன்று மத்தியானம் அண்ணாச்சி மூன்றாவது மாடிக் கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே நாலு பேர் ஒரு பெட்டியைச் சுற்றி நின்றார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். ரத்தத்தில் மருந்து ஏகமாக ஏறியிருந்தது, நாலு நாள் சிறுநீர் சரியாக இறங்கவில்லை, பிறகு இறங்கியது. ஹமீதிடமும் ரஷீதாவிடமும், மெஷின் கோளாறில் ஒரு டோஸ் கூடிவிட்டது, கவனித்துக்கொண்டோம் என்று சொன்னார்கள். சாதனாவுக்கு மெமோ கொடுத்தார்கள். அறிக்கையில் 'கருவிப் பழுது' என்று எழுதி முடித்தார்கள்.

அண்ணாச்சி அறிக்கை வந்த அன்றே அனந்தநாராயணன் சாரிடம் போனார். என்னையும் கூப்பிட்டுக்கொண்டுதான் போனார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், பூஜையையும் சேர்த்து. கடைசியாக, முந்தின நாள் மூன்று மணிக்கே எங்களுக்குத் தெரியும் என்பதைச் சொல்ல வாயெடுத்தபோது சார் கையை உயர்த்தினார்.

"இசக்கி, மெஷின் பழுதாயிடுத்து. அவ்வளவுதான். இதுக்கு மேல ஒண்ணும் எழுதிக் குடுக்காதீங்கோ. எழுதினா உங்க பேரோட நிக்காது." மேஜை மேல் என் நாற்பத்தெட்டுத் தாள்களும் கட்டாக இருந்தன. பதிவேட்டில் அவர் கையெழுத்தும் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே வந்ததும் அண்ணாச்சி, "அந்த நர்ஸ் பிள்ளைக்கு மெமோ" என்றார். நான், "வாங்க, வேலையப் பாப்போம்" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன், பாருங்கள். அப்படிச் சொல்கிறவள் என்று என்னை நானே நினைத்ததில்லை.

மூன்று வாரம் கழித்துப் பிள்ளை வீட்டுக்குப் போனான். ஹமீது சந்து முழுக்க மிட்டாய் கொடுத்தான். முதல் பெட்டி அண்ணாச்சி வீட்டுக்கு. "நீங்க கொண்டுவந்து சேத்ததாலதான் எம் புள்ள இருக்கான்" என்று ரஷீதா சொன்னாளாம். அண்ணாச்சி அந்த மிட்டாயைத் தொடவில்லை. பிச்சம்மாள் மதினி எனக்கு போன் போட்டு, "என்னட்டி ஆச்சு இவருக்கு? நல்லது நடந்திருக்கு, எழவு வீட்டுல இருந்த மாதிரி இருக்காரு" என்றாள். நான் வேலை அதிகம் என்று பொய் சொன்னேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அவர் லீவு போட்டுவிட்டார். சுண்டல் ஏன் இல்லை என்று நாலு பேர் கேட்டார்கள். திங்கட்கிழமைதோறும் அவரும் நானும் ஒவ்வொரு சர்வரின் ஒவ்வொரு செஷனையும் விரித்து, எந்தக் கதவு, எந்த வீடு என்று பார்த்தோம். ஒரு வாரம் மேல்வீட்டை நிறுத்தினோம், மறு வாரம் கீழ்வீட்டை. எல்லாம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது, பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக வந்தது.

ஜனவரியில் ஒருநாள் அவர் வேலைக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றார்.

"அந்தப் பிள்ளைக்குக் காது கேக்கலையாம் ஜெபா. ரெண்டு ஆஸ்பத்திரில பாத்துட்டாகளாம்."

"அந்த மருந்தாலயா?"

"இருக்கலாம்னு சொல்லுதாக. குறைமாசப் பிள்ளைக்கு மருந்து இல்லாமலும் அப்படி ஆகுமாம். இதாலதான்னும் சொல்ல முடியாதாம், இல்லன்னும் சொல்ல முடியாதாம்." பையைக் கீழே வைத்தார். "நான் போய்ச் சொல்லப்போறேன். நீ வரணும்னு இல்ல."

வேலை போகும் என்றேன். கேஸ் போடுவார்கள் என்றேன். சொல்வதால் பிள்ளைக்குக் காது வந்துவிடுமா என்று கத்தினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் நான் நேராக அவர் சந்துக்குப் போனேன்.

ரஷீதா வீட்டுக்கு இரும்பு ஏணி ஏறிப் போக வேண்டும். ஒரே அறை. ஹமீது பட்டறையில் இருந்தான். பிள்ளை பாயில் மல்லாக்கப் படுத்துக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். நல்ல குண்டுப் பிள்ளை. "வாங்க அண்ணாச்சி, வாங்கக்கா" என்று ரஷீதா அவசரமாகத் துணிகளை ஒதுக்கினாள்.

அண்ணாச்சி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். மேல்வீடு கீழ்வீடு என்றெல்லாம் சொல்லவில்லை. "ரெண்டு வழி இருக்குன்னு உன்கிட்ட சொன்னேன்ல தாயி. உம் பிள்ள மருந்து எழுதுன மெஷினுக்கு ஒரு வழிதான் இருந்துச்சு. நான் மாட்டுனது தப்பு. அதாலதான் ரெண்டாவது டோஸ் போச்சு. அந்த நர்ஸ் பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல."

ரஷீதா அழுவாள், கத்துவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

மெஷின் நின்றபோதுதான் தெரியும் என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அது பொய் என்று சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான், நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"முந்தின நாள் மத்தியானம்" என்றார். "மூணு மணிக்கு."

அவள் மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க?"

"நான்தான் அவருக்குச் சொன்னேன்" என்றேன். "சரி செய்யப் பத்து நிமிசம் போதும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு அவரு சொன்னாரு. நான் சரின்னேன்."

ரஷீதா எழுந்து பிள்ளையின் தலைமாட்டுக்குப் போனாள். அவன் கண்ணுக்குத் தெரியாதபடி பின்னால் குந்தி, எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே, இரண்டு கையையும் ஓங்கித் தட்டினாள். எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கீழே சந்தில் யாரோ என்னவென்று கேட்டார்கள். அவள் மறுபடி தட்டினாள், மறுபடி தட்டினாள், உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஜீஷான் அண்ணாச்சியின் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.